பேஸ்பால் ஆடும் சிறுவனுக்கு இருபுறமும் நின்று அடிக்கப் பழக்குவது எப்படி?

வலக்கையால் ஆடும் பத்து வயது மகனுக்கு இடப்புறம் நின்றும் அடிக்கக் கற்றுத்தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கற்றுத்தரலாம். வலக்கை வீச்சாளரின் வளைபந்து வலப்புற மட்டையாளரை விட்டு விலகிச் செல்லும், இடப்புறம் நிற்பவரை நோக்கி வருவதால் அவருக்கு அடிப்பது எளிது என்பதே இதன் முதன்மைப் பயன். பந்தை அடித்ததும் ஓடிச் சேர வேண்டிய முதல் தளம் இடப்புறம் நிற்பவருக்குச் சற்று அருகில் இருப்பது கூடுதல் ஆதாயம். பின்னாளில் புகழ்பெற்ற பேஸ்பால் வீரரான மிக்கி மேன்டிலுக்கு, அமெரிக்காவில் ஒக்லஹோமாவின் காமர்ஸ் நகரில் சிறுவனாக இருந்தபோது, வலக்கையரான தந்தையும் இடக்கையரான தாத்தாவும் மாறி மாறிப் பந்து வீசிப் பழக்கினார்கள்; அவர் 536 ஹோம் ரன்கள் (பெரும்பாலும் பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடித்து, எல்லாத் தளங்களையும் சுற்றிவந்து எடுக்கும் ஓட்டம்) அடித்தார். வீட்டில் அப்படித் தாத்தா அமைவது அரிதுதான். முதலில் டீ எனப்படும் தாங்கியில் வைத்த பந்தை அடிக்கச் செய்து, பின்னர் அருகிலிருந்து மெதுவாகத் தூக்கிப் போடுங்கள். இடப்புறம் நிற்கும்போது மட்டையின் பிடியில் இடக்கை மேலே இருக்க வேண்டும் என்பதைச் சிறுவர்கள் எளிதில் மறந்துவிடுவார்கள். அதை மட்டும் ஒவ்வொரு முறையும் கவனியுங்கள்.