வாங்கிய காடு மெஜந்தா நிறத்தில் நிற்கிறதா?

கேள்வி: யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் ஒரு விளையாட்டை உருவாக்கிவருகிறேன், யூ.ஆர்.பி. (யூனிவர்சல் ரெண்டர் பைப்லைன்) டெம்ப்ளேட்டில் தொடங்கியது. ஆன்லைனில் விலை கொடுத்து வாங்கிய காட்டுத் தொகுப்பைச் சேர்த்ததும் மரம், பாறை, புல் எல்லாமே பளீரென்ற மெஜந்தாவில் நிற்கின்றன. விற்பனைப் படங்களிலோ பச்சைப்பசேலென்று இருந்தது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: அவசரப்பட்டுப் புகார் எழுதாதீர்கள். மரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பொருளின் பரப்பு திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று கணக்கிடும் சிறு நிரல்தான் ஷேடர். அதை ஓட்ட முடியாதபோது யூனிட்டி பூசும் நிறம்தான் மெஜந்தா.

ஒவ்வொரு பிரேமையும், அதாவது திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் ஒவ்வொரு படத்தையும், வரைய எஞ்சின் செய்யும் வேலைகளின் வரிசையே ரெண்டர் பைப்லைன். கேமராவின் பார்வைக்குள் வராத பொருள்களை முதலில் கழித்துவிடும். மிஞ்சியவற்றை ஒளி, நிழலோடு வரையும். பிறகு புளூம் (பளிச்சென்ற இடங்களைச் சுற்றிய ஒளிப்பரவல்), நிறத் திருத்தம் போன்ற ஒப்பனை. நொடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் இத்தனையும் சுமார் 16.7 மில்லி விநாடிக்குள் முடிய வேண்டும்.

வரையும் கட்டத்தில்தான் உங்கள் காடு மாட்டிக்கொண்டது. விளக்குகளின் விவரத்தை எந்தப் பெயரில், எந்த வரிசையில் பெறுவது என்பதையெல்லாம் பைப்லைனைப் பார்த்தே ஷேடரில் எழுதுகிறார்கள். யூனிட்டியில் பழைய பில்ட்-இன், யூ.ஆர்.பி., உயர்தரக் காட்சிகளுக்கான எச்.டி.ஆர்.பி. என மூன்று பைப்லைன்கள் உண்டு. பில்ட்-இன்னுக்கு எழுதிய சர்ஃபேஸ் ஷேடர் யூ.ஆர்.பி.யில் ஓடவே ஓடாது. மெஷ் (பொருளின் வடிவம்), டெக்ஸ்சர் (அதன்மேல் ஒட்டும் படம்) ஆகியவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

முதலில் தொகுப்பின் ஃபோல்டர்களைத் துழாவுங்கள். யூ.ஆர்.பி.க்கென்று தனி பேக்கேஜை உள்ளேயே வைத்திருப்பவர்கள் பலர். அதை இம்போர்ட் செய்தால் தீர்ந்தது. இல்லையென்றால் புராஜெக்டை நகல் எடுத்துக்கொண்டு, விண்டோ மெனுவில் ரெண்டரிங்கின் கீழுள்ள ரெண்டர் பைப்லைன் கன்வர்ட்டரை ஓட்டுங்கள். பில்ட்-இன்னின் வழக்கமான ஸ்டாண்டர்ட் ஷேடரில் உள்ள பாறைகள் சரியாகிவிடும். காற்றில் இலையசையத் தனியாக எழுதிய ஷேடரை அது மாற்றாது. காட்டுத் தொகுப்புகளில் வம்பே இங்குதான்.

பணம் பற்றி: விற்பனைப் பக்கத்தில் எந்தப் பைப்லைனுக்குப் பொருந்தும் என்று காட்டும் அட்டவணையைப் பாருங்கள். யூ.ஆர்.பி. பொருந்தும் என்றிருந்தால் நியாயம் உங்கள் பக்கம். ஸ்கிரீன்ஷாட்டோடு, உங்கள் யூனிட்டி பதிப்பு எண்ணையும் சேர்த்து விற்றவருக்கு எழுதுங்கள். பொருந்தாது என்றிருந்தால், தரவிறக்கிய பிறகு பணம் திரும்புவது கடினம். படத்தைப் பெரிதாகவும் அட்டவணையைப் பொடியாகவும் போடும் வழக்கம் எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் அதை மோசடி என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி: எச்.டி.ஆர்.பி. தொகுப்பு ஒன்று கண்ணைப் பறிக்கிறது. மொபைல் விளையாட்டுக்கு வாங்கலாமா?

பதில்: அந்தப் பளபளப்புக்காக என்றால் வேண்டாம். எச்.டி.ஆர்.பி. மொபைலில் ஓடாது, அது கணினிக்கும் கன்சோலுக்கும் ஆனது. மாடல்களுக்காக மட்டும் என்றால் அவற்றின் மெஷ்ஷில் உள்ள முக்கோணங்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதிலுள்ள மாஸ்க் மேப்பை (பரப்பின் பல விவரங்களை ஒன்றாக அடக்கிய டெக்ஸ்சர்) யூ.ஆர்.பி.யின் வழக்கமான லிட் ஷேடரில் மெட்டாலிக் (உலோகத்தன்மை), அக்லூஷன் (இடுக்குகளின் நிழல்) ஆகிய இரண்டு இடங்களிலும் அப்படியே பொருத்தலாம்.