வெட்னரி பத்தோலொஜி ரெசிடென்சி: கேட்டீங்கள், சொல்லுறன்

வெட்னரி பத்தோலொஜியில (மிருகங்களின்ர திசு, ரத்தம், செத்த உடம்பைப் பாத்து நோயைக் கண்டுபிடிக்கிற துறை) மேல படிக்கிறதைப் பற்றி ஆருக்கும் கேள்வி இருந்தா அனுப்புங்கோ எண்டு சொன்னன், நினைச்சதை விடக் கனக்க வந்திட்டுது. நான் அமெரிக்காவில ரெசிடென்சியும் பிஎச்டியும் சேர்த்துச் செய்தனான், இப்ப கொழும்பில இருந்து பயொப்சி (நோய் பாக்க வெட்டி எடுத்த திசுத் துண்டு) ஸ்லைட் பாக்கிறன். ஒரே மாதிரிக் கேள்வியளைச் சேர்த்துப் போட்டிருக்கிறன்.

வெள்ளவத்தை, பேராதனையில ஃபைனல் இயர்: அக்கா, ரெசிடென்சி வேற, பிஎச்டி வேறயா? சில இடத்தில ரெண்டையும் சேர்த்துப் போட்டிருக்கினம், குழப்பமா இருக்கு.

வேற வேறதான் தம்பி. ரெசிடென்சியில தொழில் பழகிறீங்கள். காலமை நெக்ரொப்சி (மிருகத்தின்ர போஸ்ட்மோர்ட்டம்), பேந்து பயொப்சி, அதுக்குப் பிறகு சீனியரோட மல்ட்டி ஹெட் மைக்ரோஸ்கோப்பில இருந்து ஏச்சு வாங்கிறது, இப்பிடி 3 வருசம் போகும். முடிவில அமெரிக்கன் கொலிஜ் ஒஃப் வெட்னரி பத்தோலொஜிஸ்ட்ஸ், சுருக்கமா ஏசிவிபி, அவையின்ர போர்ட் எக்ஸாம், பாஸ் பண்ணினா ஸ்பெஷலிஸ்ட் எண்ட அங்கீகாரம். 1949இல தொடங்கின அமைப்பு அது. ஐரோப்பாக்காரர் 1995இல ஈசிவிபி எண்டு தங்களுக்கொண்டு தொடங்கினவை. ஏசிவிபி எக்ஸாம் ரெண்டு கட்டம், முதல் கட்டம் பொதுப் பத்தோலொஜி, அதை ட்ரெயினிங் நடக்கேக்கயே எழுதிப்போட்டு ரெண்டாவதைக் கடைசியில எழுதலாம்.

பிஎச்டியில நீங்கள் ஒரே ஒரு கேள்விக்குப் பின்னால வருசக்கணக்கா திரியிறீங்கள். சேர்த்துத் தாற இடங்களில அனேகமா முதல் 3 வருசம் ரெசிடென்சி, மிச்சம் ரிசேர்ச், எல்லாமா 6 வருசம் அளவில எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. கம்பஸில படிப்பிக்க, மருந்துக் கொம்பனியில டொக்ஸிக்கோலொஜிக் பத்தோலொஜிஸ்டா (மருந்து உடம்புக்குச் செய்யிற சேதத்தைப் பாக்கிறவர்) போக, பிஎச்டி உதவும். நோய் கண்டுபிடிக்கிற வேலை மட்டும் போதும் எண்டா போர்ட் காணும், வீணா வயசைக் கரைக்காதேங்கோ.

அதோட அனட்டொமிக், கிளினிக்கல் எண்டு ரெண்டு பாதை இருக்கு. திசுவும் செத்த உடம்பும் அனட்டொமிக். ரத்தம், சலம், ஊசி குத்தி எடுக்கிற செல்லுகள் கிளினிக்கல். விண்ணப்பிக்க முதலே எது எண்டு முடிவெடுக்க வேணும்.

கொட்டாஞ்சேனை: எங்கட வெட்னரி டிகிரி பிவிஎஸ்சியோட நேர போகலாமா? அமெரிக்க லைசென்ஸ் வேணுமா?

மருந்து குடுத்து வைத்தியம் பாக்கிறதுக்குத்தான் நாவ்லி எண்ட லைசென்ஸ் எக்ஸாமும், வெளிநாட்டு டிகிரிக்காரருக்கான ஈசிஎஃப்விஜி அல்லது பேவ் சேர்ட்டிஃபிக்கேட்டும். பத்தோலொஜி ரெசிடென்ட் நோயாளியைத் தொடுறேல்ல எண்டபடியா பல கம்பஸ் அதைக் கேக்கிறதில்ல. சில இடம் கேக்கும். ஒவ்வொரு விளம்பரத்தையும் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கோ, வேற வழியில்ல.

அதே ஆள்: காசு?

இதைத்தான் எல்லாரும் வெக்கப்பட்டுக்கொண்டு கடைசியில கேக்கினம், முதல்ல கேக்க வேண்டியது இதுதான். ரெசிடென்ட்டுக்குச் சம்பளம் இருக்கு, பெரிசா ஒண்டுமில்ல, வீட்டு வாடகையும் சாப்பாடும் போகும். ஆனா சேர்த்துத் தாற புரோகிராம் கனக்க என்ஐஎச்சின்ர (அமெரிக்க அரசின்ர மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்) டி32 எண்ட ட்ரெயினிங் கிராண்டில ஓடுது, அந்தக் காசு அமெரிக்கப் பிரஜைக்கும் கிரீன் கார்ட்காரருக்கும் மட்டும்தான். நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் அந்த இடம் உங்களுக்கில்ல. எண்டபடியா விண்ணப்பம் நிரப்ப முதலே ஒரு ஈமெயில் போடுங்கோ: வெளிநாட்டு ஆளுக்கு இடமிருக்கா, ரெசிடென்சி முடிஞ்சு ரிசேர்ச் வருசங்களுக்கு ஆர் காசு, டிபார்ட்மென்ட்டா மென்டரின்ர (ரிசேர்ச்சை வழிநடத்திற பேராசிரியர்) கிராண்டா, அந்தக் கிராண்ட் எப்ப முடியுது. முடியிற தேதியைக் கேக்கப் பயப்பிடாதேங்கோ, நாலாம் வருசத்தில கிராண்ட் முடிஞ்சு நடுவில நிண்ட பிள்ளையளை நான் கண்டிருக்கிறன்.

இன்னும் மூண்டு விசயம் கேளுங்கோ. போன சில வருசத்தில எத்தினை பேர் போர்ட் பாஸ், எக்ஸாமுக்குப் படிக்கத் தனியா நேரம் தருவினமா, பழைய ரெசிடென்ட் ஒராளோட கதைக்க விடுவினமா. மூண்டாவதுக்கு மழுப்பினா அந்த இடத்தை விடுங்கோ.

பம்பலப்பிட்டி, பிரைவேட் கிளினிக்கில வேலை செய்யிற தங்கச்சி: இன்டர்வியூவில ஒரு கிட்னிப் போட்டோவைக் காட்டி "என்ன பாக்கிறீர்" எண்டு கேட்டவை. நான் "லெப்டோ" (எலிக்காய்ச்சல்) எண்டு சொன்னன். சரியான விடைதான் எண்டு நினைக்கிறன், ஆனா அவையின்ர முகம் மாறிட்டுது. ஏன்?

அவை நோயின்ர பேரைக் கேக்கேல்ல தங்கச்சி. நீர் என்ன பாக்கிறீர் எண்டுதான் கேட்டவை. எங்களுக்கு ஏலெவலில இருந்தே விடையைப் பாய்ஞ்சு பிடிக்கத்தான் பழக்கியிருக்கினம். கொழும்பில மழைக்குப் பிறகு மஞ்சளான நாய் வந்தா லெப்டோ எண்டு ஆட்டோக்காரரும் சொல்லுவார். ரெசிடென்சியின்ர முதல் வருசம் முழுக்க அந்தப் பாய்ச்சலை நிப்பாட்டிறதிலதான் போகும்.

இப்பிடிச் சொல்லிப் பாரும். "ரெண்டு கிட்னியும் வீங்கியிருக்கு, வெளிறியிருக்கு, கப்சூலுக்குக் கீழ ஊசிமுனை அளவில ரத்தப் பொட்டுகள் சிதறிக் கிடக்கு, வெட்டின முகத்தில கோர்ட்டெக்ஸும் (வெளிப்பகுதி) மெடுலாவும் (உள்பகுதி) சந்திக்கிற இடத்தில சாம்பல் வெள்ளைக் கோடுகள், சுத்தியிருக்கிற கொழுப்பு மஞ்சள்." இவ்வளவுக்கும் நோயின்ர பேர் வரேல்ல, ஆனா இதைக் கேட்ட பத்தோலொஜிஸ்ட்டுக்குப் படம் தெரிஞ்சிட்டுது. எங்க, எவ்வளவு, என்ன நிறம், என்ன வடிவம், தொட்டா என்ன மாதிரி, எத்தினை வீதம் பாதிப்பு. அதுக்குப் பேந்துதான் மோர்ஃபொலொஜிக் டயக்னோசிஸ், அது ஒரே வரி: உறுப்பு, என்ன நடக்குது, எப்பிடிப் பரவியிருக்கு, புதுசா பழசா, எவ்வளவு கடுமை. லெப்டோ எண்ட சொல்லு எல்லாத்துக்கும் கடைசியில, அதுவும் மற்றச் சாத்தியங்களோட சேர்த்து. இப்பிடிச் சொல்லப் பழகின ஆள், தான் ஒருநாளும் காணாத நோய் மேசைக்கு வந்தாலும் தடுமாறாது.

வீட்டில பழகலாம். சந்தையில ஆட்டு ஈரல் வாங்கினா, வெட்ட முதல் அஞ்சு வரி எழுதும். அம்மா பேசுவா, பேசட்டும்.

தெஹிவளை: டொக்டர், எங்கட நாய் செத்தா ஏன் எண்டு அறிய ஃபிரீசரில வைச்சுக் குடுக்கலாமா?

ஃபிரீசர் வேண்டாம். உறைஞ்சா செல்லுக்குள்ள ஐஸ் கட்டி வந்து வெடிச்சிடும், பேந்து ஸ்லைடில ஒண்டும் வடிவாத் தெரியாது. ஃபிரிட்ஜ், இல்லாட்டி பெட்டியில ஐஸ் போட்டு, அண்டைக்கே குடுங்கோ. எங்கட வெக்கைக்கு ஒரு பின்னேரம் வெளியில கிடந்தாலே குடலின்ர உள்தோல் கரைஞ்சு போகும், ஈரல் ஓரம் பச்சையா கறுப்பா மாறும், அது நோயில்ல, அழுகல்.

முக்கியமா, நாய் சாக முதல் குணம் மாறிக் கடிச்சது, வாயால வடிஞ்சது எண்டா நீங்கள் கை வைக்காதேங்கோ. அது பொரளை எம்ஆர்ஐ (மெடிக்கல் ரிசேர்ச் இன்ஸ்டிடியூட்) ரேபீஸ் (விசர்நாய்க்கடி நோய்) லாபுக்குப் போக வேண்டிய கேஸ், உங்கட பிஎச்ஐயையோ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வெட்னரி ஒஃபீசையோ கூப்பிடுங்கோ. கடி பட்டவர் சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிப்போட்டு உடன ஆஸ்பத்திரி. லாப் முடிவு வரட்டும் எண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கிறேல்ல.

கிளினிக் வைச்சிருக்கிற ஒருத்தர்: நாங்கள் அனுப்பிற பயொப்சி "டயக்னோஸ் பண்ண ஏலாது" எண்டு திரும்பி வருது. லாபில கவனமில்லயோ?

சில நேரம் லாபில பிழைதான். ஆனா எனக்கு வாறதைச் சொல்லுறன்: பெரிய கட்டியை முழுசா, வாய் ஒடுங்கின போத்தலுக்குள்ள அமத்தி, மேலால கொஞ்சப் போமலின் (திசு அழுகாம வைக்கிற திரவம்). அது போகேக்க மெத்து மெத்தெண்டு போகும், இறுகினாப் பிறகு வெளிய வராது, நாங்கள் போத்தலை வெட்ட வேண்டி வரும். உள்ளுக்குப் பாத்தா நடுப்பகுதி அழுகல். 10 வீத பஃபர் போட்ட போமலின், கட்டியை விட 10 மடங்கு, தடிப்பு 1 சென்ரிமீட்டருக்கு மேல வேண்டாம், பெரிசெண்டா பாண் வெட்டிற மாதிரி வெட்டி விடுங்கோ. வயசு, இனம், எந்த இடத்தில இருந்து எடுத்தது எண்டும் எழுதுங்கோ. "கட்டி" எண்டு மட்டும் எழுதின ஃபோமைப் பாத்தா எனக்கு ரத்தம் கொதிக்கும்.

வத்தளை: அமெரிக்காதான் போக வேணுமா? சென்னை?

இல்லவே இல்ல. 1903இல தொடங்கின மெட்ராஸ் வெட்னரி கொலிஜ் வேப்பேரியில இருக்கு, எம்விஎஸ்சி (வெட்னரி மாஸ்டர்ஸ்) பத்தோலொஜி 2 வருசம், இந்திய அரசின்ர ஐசிசிஆர் ஸ்கொலர்ஷிப் இலங்கைப் பிள்ளையளுக்கும் இருக்கு. அங்க மாடு, ஆடு, கோழி எண்டு போஸ்ட்மோர்ட்டம் கை நிறையச் செய்யலாம். ஜப்பானுக்கு அவையின்ர அரசு தாற மெக்ஸ்ட் ஸ்கொலர்ஷிப்பில பிஎச்டி போற வழியும் இருக்கு. ஆனா இதுகள் டிகிரி, போர்ட் இல்ல. போர்ட் வேணுமெண்டா ரெசிடென்சிக்கு முதல் இதைச் செய்திட்டுப் போறது நல்ல ஏணி எண்டுதான் சொல்லுவன்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில அக்ரி முடிச்சு இப்ப கொழும்பில வேலை: எனக்கு ரெசிடென்சி கிடைக்குமா?

கிடைக்காது, வெட்னரி டிகிரி கட்டாயம். ஆனா அதே டிபார்ட்மென்ட்டில பிஎச்டி மட்டும் செய்யலாம், ரிசேர்ச்சுக்கு வெட்னரி டிகிரி கேக்காத மென்டர் நிறையப் பேர் இருக்கினம்.

மட்டக்குளி: 2021இல எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிஞ்சாப் பிறகு ஆமையள் செத்துக் கரையொதுங்கினது. ஏன் செத்தது எண்டு சொல்ல ஏன் அவ்வளவு கஸ்டம்?

கடலில நாள்கணக்கா மிதந்து வாற உடம்பு உள்ளுக்குக் கூழ். ஓட்டில எரிகாயம் மாதிரித் தெரியிறது உண்மையில எரிஞ்சதோ, இல்லாட்டி செத்தாப் பிறகு தோல் கழண்டதோ எண்டு மைக்ரோஸ்கோப்பில பாத்தாத்தான் பிரிக்கலாம், உயிரோட இருக்கேக்க பட்ட காயமெண்டா அழற்சிச் செல்லுகள் வந்திருக்கும். அதோட வழமையா தென்மேல் மழைக் காலத்தில எத்தினை ஆமை ஒதுங்கும் எண்ட பழைய கணக்கு கையில இருந்தாத்தான் ஒப்பிடலாம். உங்களில ஆராவது ரிசேர்ச் தலைப்புத் தேடினா, இந்தக் கணக்கு வைக்கிற வேலையை யோசிச்சுப் பாருங்கோ.

தாய் ஒருத்தர்: மகளுக்கு மிருகங்களில சரியான விருப்பம், ஆனா ரத்தம் கண்டா மயங்குவாள்.

அன்ரி, மயக்கம் ரெண்டு கிழமையில போயிடும். மணம்தான் போகாது.

கடைசியா, களுபோவில: காசில்லாம ஸ்லைட் பழக இடமிருக்கா?

இருக்கு. அமெரிக்காவில ஜொயின்ட் பத்தோலொஜி சென்டர் நடத்திற வெட்னஸ்டே ஸ்லைட் கொன்ஃபரன்ஸின்ர பழைய கேஸ் எல்லாம் நெட்டில இலவசமா இருக்கு. கிழமைக்கு ஒரு கேஸ் எடுத்து, விடையைத் திறக்க முதல் உங்கட விவரணையைக் கையால எழுதி முடியுங்கோ. எழுதினதை எனக்கு அனுப்பினா திருத்தித் தாறன், ஆனா முதல் வரியிலேயே நோயின்ர பேர் இருந்தா வாசிக்க மாட்டன்.