ட்ரிப்புக்கும் ராவு நேரப் படத்துக்கும் எந்தச் சின்ன கமரா நல்லம்?

பெரிய ஸூமா, வெளிச்சம் கூட எடுக்கிற லென்ஸா எண்டு கேட்டிருந்தீங்க. ராவில எடுக்கிறதுதான் முக்கியம் எண்டா முதல்ல சென்சர் (வெளிச்சத்தைப் பிடிச்சுப் படமாக்கிற சில்லு) சைஸைப் பாருங்க. 30 மடங்கு ஸூம் எண்டு விக்கிற சின்ன கமராக்கள்ல அனேகமா 1/2.3 இஞ்ச் சென்சர்தான் இருக்கும், 1 இஞ்ச் சென்சர் பரப்பளவில அதைவிட கிட்டத்தட்ட 4 மடங்கு, அதால இருட்டில படம் புள்ளி புள்ளியா வாறது நல்லாக் குறையும்.

அடுத்தது லென்ஸ். சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 24-200 எம்எம் போகும் (எம்எம் கூடக் கூட தூரத்தில இருக்கிறது கிட்டத் தெரியும்), ஆனா எஃப் 2.8லதான் தொடங்குது (எஃப் நம்பர் குறையக் குறைய வெளிச்சம் கூட வரும்). கெனன் ஜி7எக்ஸ் மார்க் 3 24-100தான், ஆனா எஃப் 1.8, அதாவது வைட்ல (ஸூம் பண்ணாம எடுக்கேக்க) ரெண்டு மடங்குக்கும் மேல வெளிச்சம் உள்ள போகும். கொழும்பில ஆடிவேல் தேர் காலி வீதியால வரேக்க சனம் அசைஞ்சுகொண்டே இருக்கும், ஸ்டெபிலைசேஷன் உங்கட கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், ஆக்கள் அசையிறதை இல்ல, அதுக்கு ஷட்டர் வேகம் வேணும், வேகத்துக்கு வெளிச்சம் வேணும். நான் எண்டா கெனன்தான் எடுப்பன்.

ரிக்கோ ஜிஆர் 3ல 1 இஞ்சைவிடப் பெரிய ஏபிஎஸ்-சி சென்சர், படம் இன்னும் கிளீன், ஆனா 28 எம்எம் மட்டும், ஸூமே இல்ல, யாலவில யானை எடுக்க சரிவராது.

புறக்கோட்டையில வாங்கிறதெண்டா கம்பனி ஏஜென்ட் குடுக்கிற வாரண்டியா, கடைக்காரர் தாற வாரண்டியா எண்டு கட்டாயம் கேளுங்க.