என்.கே. செல் அதிகம் என்றால் இன்ட்ராலிப்பிட் ஏற்றத்தான் வேண்டுமா?

சகோதரி, ஐ.வி.எஃப். சிகிச்சையில் மூன்று முறை கரு வைத்தும் ஒட்டவில்லை, ரத்தத்தில் என்.கே. செல் (‘நேச்சுரல் கில்லர்’ என்ற நோய் எதிர்ப்பு அணு) அதிகம், அதனால் இன்ட்ராலிப்பிட் என்ற கொழுப்புக் கரைசல் டிரிப்பும் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் எடுக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது. கரு வைத்த பின் முடிவு தெரிய வேண்டிய அந்த இரண்டு வாரக் காத்திருப்பில் நானும் உடைந்திருக்கிறேன்.

அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். ரத்தத்தில் ஓடும் என்.கே. செல்லும் கருப்பையில் இருப்பதும் ஒன்றல்ல. பெயர்தான் பயமுறுத்துகிறது, கருப்பையில் இருப்பவை நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போக வழி செய்பவை. ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவ அமைப்பான எஷ்ரே, 2023-இல் ரத்த என்.கே. சோதனையையும் இன்ட்ராலிப்பிட்டையும் பரிந்துரைக்கவில்லை. அதே ஆண்டு வெளியான சீன ஆய்வில், உங்களைப் போலவே பலமுறை தோற்ற 715 பெண்களில் ஒரு பாதிக்குத் தினம் 10 மி.கி. ப்ரெட்னிசோன் (ப்ரெட்னிசோலோனுக்கு நெருங்கிய ஸ்டீராய்டு), மறுபாதிக்குப் போலி மாத்திரை. மருந்து எடுத்தவர்களுக்குக் குழந்தைப் பேறு கூடவில்லை, குறைப்பிரசவம்தான் கூடியது.

ரத்தம் உறையத் தூண்டும் எதிர்ப்பொருள்களைத் தேடும் ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனை வேறு விஷயம். முன்பு கருச்சிதைவோ ரத்தக்கட்டோ இருந்திருந்தால் அதைக் கேளுங்கள். தைராய்டு, ஹிஸ்டரோஸ்கோப்பி (கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) பார்த்தாயிற்றா?

அப்புறம், எல்லா ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். சிட்டிசனோ பிஆரோ (நிரந்தரவாசி) என்றால் முதலில் பாலிகிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள், மானியக் கட்டணம் கிடைக்கும். ப்ரெட்னிசோலோனை ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள் என்றால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டே குறையுங்கள்.