பேஸ்மென்ட்டில் நீர்க்கசிவு: ஆர்ஆர்எஸ்பியில் கை வைக்கலாமா?

கேள்வி: ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் 1962இல் கட்டிய பங்களோ எங்களுடையது. அத்திவாரம் சீமெந்துக்கல். பனி உருகும்போதும் பெருமழைக்கும் பேஸ்மென்ட்டின் வடக்குச் சுவர் அடியால் தண்ணீர் வருகிறது. அங்கே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது, மாதம் 1,400 டொலர். உள்ளே சுற்றிவர வடிகால் வைக்க ஒரு நிறுவனம் 14,500 கேட்கிறது. வெளியே நான்கு பக்கமும், அதாவது 130 அடி, தோண்டிப் பூச இன்னொன்று 31,000 கேட்கிறது. வரியில்லாச் சேமிப்புக் கணக்கான டிஎஃப்எஸ்ஏயில் 9,000, ஓய்வுகாலச் சேமிப்பான ஆர்ஆர்எஸ்பியில் 40,000 இருக்கிறது. வீட்டை ஈடாக வைத்து எடுக்கும் ஹெலொக் கடன் வசதியும் உண்டு, வட்டி 6.5 வீதம். எதை எடுப்பது?

பதில்: ஆர்ஆர்எஸ்பியைத் தொடவேண்டாம். ஒரே தடவையில் 15,000 டொலருக்கு மேல் எடுத்தால் வங்கி 30 வீதத்தை வரிக்காகப் பிடித்துக்கொள்ளும். 14,500 கைக்கு வர ஏறத்தாழ 20,700 எடுக்கவேண்டும். எடுத்த தொகையை மீண்டும் போடும் அனுமதியும், அதாவது பங்களிப்பு இடமும், திரும்பக் கிடைக்காது. டிஎஃப்எஸ்ஏ அப்படியல்ல, எடுத்த தொகைக்கான இடம் அடுத்த ஜனவரி 1 அன்று மீண்டும் வந்துவிடும்.

ஆனால் இரண்டு நிறுவனங்களும் வீடு முழுக்க வேலை சொல்கின்றன, நீங்களோ ஒரு சுவரைத்தான் சொல்கிறீர்கள். கையெழுத்து வைக்கமுதல் தண்ணீரின் வழியைக் கண்டுபிடியுங்கள்.

முதலில் கூரைப்பீலி. 1,000 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 2,300 லீற்றர் தண்ணீர். பீலிக் குழாய் அதை அத்திவாரத்தின் காலடியில் கொட்டினால் எந்தப் பூச்சும் அதிக காலம் தாங்காது. குழாயை 6 அடி தள்ளி நீட்டுங்கள். சுவரோரத்து மண் 10 அடிக்கு 6 அங்குலம் வெளிப்புறமாகச் சரியட்டும். இதற்குச் சில நூறு டொலர் போதும். அதன்பின் மழையில்லாத நாளில் வடக்குச் சுவரின் வெளிப்புறம் அரை மணி நேரம் ஹோஸால் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உள்ளே நனைந்தால் வழி அதுதான். நனையாமல், பனி உருகும் காலத்தில் மட்டும் நிலமும் சுவரும் சேரும் மூட்டால் வந்தால், நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளுகிறது என்று சந்தேகிக்கலாம். நிலத்து வடிகான் வழியாக வந்தால் அது கழிவுக்குழாய்ப் பிரச்சினை. இரண்டு விலைக்கூறல்களும் அதற்கு உதவாது.

சுவர் வழியென்றால் வெளியே தோண்டுவதுதான் சரி. 31,000ஐ 130 அடியால் வகுத்தால் அடிக்கு ஏறத்தாழ 240 டொலர், 30 அடிச் சுவருக்கு 7,200. சிறு வேலைக்கு அடிக்கான விலை கூடக்கூடும், பேரம் பேசுங்கள். அடித்தளம் வரை தோண்டி, சுவரைக் கழுவிச் சீமெந்து பூசி, ரப்பர் மெம்பிரேனும், தண்ணீர் கீழே வடிய இடம் விடும் குமிழ்த் தாளும் ஒட்டி, கீழே 4 அங்குல வீப்பிங் டைல் (துளையுள்ள வடிகுழாய்) வைத்துச் சல்லி போடவேண்டும். விலைக்கூறலில் இவை ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்கட்டும். தோண்டமுதல், நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் குறித்துத்தர ஏற்பாடு செய்யும் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவிப்பது சட்டம், அது இலவசம். வெடிப்பில் பொலியூரிதேன் ஏற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் விலகுங்கள். அது வார்த்த கொங்கிரீட்டுக்குப் பொருந்தும். உங்கள் கற்களின் உள்ளே பொந்து, ஓட்டையை அடைத்தாலும் தண்ணீர் பொந்துக்குள் ஏறி அடுத்த மூட்டால் வரும். இந்த 7,200க்கு டிஎஃப்எஸ்ஏயே போதும், ஹெலொக்கை அவசரத்துக்கு வைத்திருங்கள்.

கீழிருந்துதான் என்றால் உள்வடிகாலும், குழியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்பும். மின்சாரம் போவது பெரும்பாலும் புயலோடுதான், ஆகவே பற்றரியில் ஓடும் துணைப் பம்பும் கேளுங்கள். டிஎஃப்எஸ்ஏயிலிருந்து 6,000, ஹெலொக்கில் 8,500 எடுத்து, வாடகையில் மாதம் 400 கட்டினால் இரண்டு ஆண்டுக்குள் முடியும். சம்ப் பம்ப், கழிவுநீர்ப் பின்னோட்டத் தடுப்பு வால்வு இரண்டுக்கும் ரொறொன்ரோ நகரசபை, உச்சவரம்புக்குட்பட்டு, செலவில் 80 வீதம் வரை மானியம் தருகிறது. கூரைப்பீலிகள் கழிவுக்குழாயிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்கவேண்டும், ஒப்பந்தகாரருக்கு உரிமம் இருக்கவேண்டும். நடப்பு வரம்பை நகரசபையின் 311 தொலைபேசி எண்ணில் கேளுங்கள். சுவர்ப் பூச்சுக்கு இந்த மானியம் கிடையாது.

காப்புறுதியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மெல்லமெல்லக் கசிவதை வழக்கமான வீட்டுக் காப்புறுதி ஏற்காது. கழிவுநீர் பின்னோட்டத்துக்குத் தனி இணைப்பு வாங்கவேண்டும். மறுபுறம், திருத்தாமல் விட்டால் வாடகைக் குடும்பம் வாடகைக் குறைப்புக் கேட்டு முறையிடலாம்.

வரிக்கு ஒரு கணக்கு. பழைய நிலைக்குக் கொண்டுவரும் திருத்தம் நடப்புச் செலவு, அதில் வாடகைப் பகுதிக்குரிய பங்கைக் கழிக்கலாம், ஹெலொக் வட்டியிலும் அதே பங்கை. முன்பு இல்லாத சம்ப் பம்ப், ஒரே ஆண்டில் கழிக்கமுடியாத மூலதனச் செலவாகக் கருதப்படலாம். அதற்குத் தேய்மானம் கோரலாமா என்று கணக்காளர் கேட்டால் மறுத்துவிடுங்கள், வீட்டை விற்கும்போது அந்தப் பகுதியின் இலாபத்துக்கு வரியில்லாமல் செய்யும் முதன்மை வதிவிட விலக்குக் கைநழுவக்கூடும்.