தாளம், லயம், சந்தம்: மூன்றும் ஒன்றா?

‘ரிதம்’ என்பதற்குத் தாளம், லயம், சந்தம் ஆகிய மூன்றில் எதையும் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் நெருங்கிய உறவினவே. ஆயினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தால் பொருள் பிசகும்.

தாளம் என்பது கையால் எண்ணிக் காட்டக்கூடிய கணக்கு. ஆதி தாளத்தில் ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும், அதன்பின் இரண்டு முறை தட்டும் வீச்சுமாக 8 எண்ணிக்கைகள் வந்து ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, முடிகிறது. லயமோ அந்தக் கணக்கு எந்த வேகத்தில் குலையாமல் ஓடுகிறது என்பதைக் குறிப்பது; ஒன்றிக் கலத்தல் என்பதே அச்சொல்லின் அடிப்படைப் பொருள்.

சேலம் அம்மாப்பேட்டையில் கைத்தறி ஓடும் வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்தால் இது காதுக்கே விளங்கும். மிதியை மிதிப்பதும், நூலைச் சுமந்த நாடா குறுக்கே ஓடுவதும், பலகை வந்து அடிப்பதும் மாறாத வரிசையில் திரும்பத் திரும்ப வருவது தாளம். இழை அறுந்து, அதை முடிந்துவிட்டு மறுபடி தொடங்கும்போதும் நெசவாளரின் கையும் காலும் பழைய வேகத்துக்கே தாமாகத் திரும்புகின்றனவே, அது லயம். எனக்கு இவற்றுள் மிகவும் பிடித்த சொல்லும் அதுதான்.

சந்தம் செய்யுளின் ஓசைக்கு உரியது. தொல்காப்பியம் அத்தகைய ஓசை வேறுபாடுகளை வண்ணம் என்று அழைத்து 20 வகைகளைச் சொல்கிறது. இதயத் துடிப்பைப் பற்றி எழுதும்போது இம்மூன்றையும் விட்டு, ‘சீர்’ என்பதையே கொள்ளுங்கள். ‘சீரற்ற துடிப்பு’ என்றால் எவருக்கும் புரியும்.