பீரில் மட்டிப்பழ வாசனை: கடிதமும் பதிலும்

அண்ணாச்சிக்கு வணக்கம்,

வேலை விஷயமாக மியூனிக் போயிருந்தேன். அங்கே உயரமான கிளாஸில் கலங்கலாக ஒரு பீர் தந்தார்கள். வாயருகே கொண்டுபோனதுமே மட்டிப்பழ வாசனை, குடித்தபின் லேசாகக் கிராம்பு. எசன்ஸ் சேர்க்கிறார்களோ? நம்மூரில் நான் குடித்ததெல்லாம் ஒரே கசப்புதான். பீரில் என்னென்ன வகைகள் உண்டு, ருசி எப்படி மாறுகிறது என்று எழுதுங்களேன்.

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள தம்பி,

எசன்ஸ் கிடையாது. நீங்கள் குடித்தது ஹெஃபவைசன் என்கிற கோதுமை பீர். அதில் பழவாசனையும் கிராம்பும் ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர் செய்கிற வேலை. மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின், சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்கும்போதே அந்த ஈஸ்ட் ஐசோஅமைல் அசிடேட்டையும் உண்டாக்குகிறது. மட்டி போன்ற வாழைப்பழங்களின் மணத்தில் பெரும்பங்கு இதே பொருளுக்குத்தான். கிராம்பு மணம், தானியத்தில் இருக்கும் ஃபெருலிக் அமிலத்தை ஈஸ்ட் மாற்றுவதால் வருவது. அப்படிக் கிடைக்கும் பொருள், நம் மாறாமலைக் கிராம்பில் இருக்கிற யூஜினாலுக்கு நெருங்கிய உறவு. நொதிக்கும்போது சூடு கொஞ்சம் கூடினால் பழவாசனை தூக்கலாகும். கலங்கலுக்கும் காரணம் வடிகட்டாமல் விட்ட ஈஸ்ட்டும் கோதுமையின் புரதமும்தான்.

நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் லாகர். அதன் ஈஸ்ட் 10 டிகிரியை ஒட்டிய குளிரில் மெதுவாக நொதிக்கும், பழவாசனை அதிகம் விடாது. பாட்டிலில் 'ஸ்ட்ராங்' என்று போட்டிருப்பது ஆல்கஹால் அளவைத்தான், அது ஒரு வகையின் பெயர் இல்லை. அதற்காக லாகரை மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 1842-இல் செக் நாட்டு பில்சன் நகரத்தில் பிறந்த பில்ஸ்னரும் லாகர்தான். அந்த ஊரின் உப்புக் குறைந்த தண்ணீரில் சாட்ஸ் வகை ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ) கசப்பு நாக்கை அறுக்காது, மூலிகை மணத்தோடு சுத்தமாக இறங்கும். கசப்பே பிடிக்காது என்று முடிவுகட்டும் முன் அதை ஒருமுறை குடித்துப் பார்க்க வேண்டும்.

ஏல் என்கிற இன்னொரு வகை லாகரைவிடச் சூடான இடத்தில் நொதிப்பது. உங்கள் கோதுமை பீரும் அதில்தான் சேரும். ஏலில் ஒன்றான ஐபிஏவில் (இந்தியா பேல் ஏல்) ஹாப்ஸ் தாராளம். அமெரிக்க ஹாப்ஸ் என்றால் நாரத்தைத் தோல் வாசனை அடிக்கும். ஸ்டவுட் என்கிற ஏலின் கறுப்பும் காப்பிக் கசப்பும் கருக வறுத்த பார்லியால் வருபவை.

எனக்கு மிகவும் பிடித்தது பெல்ஜியத்தின் லாம்பிக். பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் குளிர்காலத்தில் காய்ச்சி, அகலமான தொட்டியில் இரவு முழுக்கத் திறந்துவைப்பார்கள். ஈஸ்ட்டை யாரும் போடுவதில்லை. காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருப்பதே வேலை செய்யும். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் அக்கானி (பதநீர்) தானாகக் கள்ளாவது போலத்தான். ஆனால் கள் ஒரே நாளில் புளித்துவிடும், லாம்பிக் ஒன்று முதல் மூன்று வருடம் பீப்பாயில் கிடக்கும். களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்துக் கள்ளுக்கடைக்குப் போய்ப் பழகியவருக்கு அந்தப் புளிப்பு அந்நியமாக இருக்காது.

அப்புறம் ஒன்று, ஐஸ் போலக் குளிர்ந்த பீரில் மணம் எழாது. அடுத்தமுறை பெங்களூரு பக்கம் போனால் பீரை அங்கேயே காய்ச்சித் தருகிற கடையில் கோதுமை பீரும் ஸ்டவுட்டும் சின்ன கிளாஸில் வாங்கி, குளிர் கொஞ்சம் இறங்கியபின் முகர்ந்துவிட்டுக் குடியுங்கள்.